குரல்வளை அகன்ற பின்

பேச்சு மருத்துவத்தில் முதுநிலைப் படிப்புக்கு வந்து சேரும் மாணாக்கர், ஒலியியலும் மொழியியலும் உளவியலும் தம் பாடத்திட்டத்தில் இருப்பதை எதிர்பார்த்தே வருகிறார்கள். ஆனால் அவற்றின் நடுவே கழுத்தின் சஸ்திர சிகிச்சையும், நரம்புகளின் போக்கும், புற்றுநோயின் படிநிலைகளும் இடம்பெற்றிருப்பதைக் கண்டவுடன், கத்தி பிடிக்கப் போகாத நமக்கு இவையெல்லாம் எதற்கு என்று அவர்களிற் பலர் மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். வைத்தியர் தம் வேலையை முடித்து அனுப்பிய நோயாளிக்குப் பேசப் பழக்குவதுதானே நம் பணி என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் பிழையானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எந்தத் தசை வெட்டப்பட்டது, எது விடப்பட்டது, எது எதனோடு சேர்த்துத் தைக்கப்பட்டது என்னும் விவரங்களே, அந்த மனிதர் மறுபடி பேசுவாரா, பேசினால் எவ்விதக் குரலிற் பேசுவார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. அவற்றை அறியாமல் பழக்க வருகிறவர், பலன் கிட்டாதபோது நோயாளியின் பிரயத்தனம் போதவில்லை என்று அவர்மேலேயே பழியைச் சுமத்திவிடுகிறார். இதைப் பொதுப்படப் பேசுவதைவிட ஒரே ஒரு சிகிச்சையை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். குரல்வளையை முழுவதும் அகற்றும் லாரிஞ்செக்டமி இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம்.

கழுத்தின் முன்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் அந்த உறுப்பின் முதற்கடமை குரல் எழுப்புவதன்று. விக்டர் நீகஸ் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் மீன், தவளை, பறவை, விலங்கு என்று பல்வகைப் பிராணிகளின் கழுத்துகளை அறுத்து ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட பெருநூலில், நுரையீரலுடைய ஆதி மீன்களிடம் தண்ணீர் உள்ளே புகாமற் காக்கும் ஒரு சுருங்கு தசையாகவே இவ்வுறுப்பு தோன்றிற்று என்று காட்டினார். காற்றுக்கு வழிவிடுவதும், சோறும் நீரும் அவ்வழியே நுழையாமல் தடுப்பதும், பாரம் தூக்கும்போதும் மலம் கழிக்கும்போதும் இறுக மூடிக்கொண்டு மார்புக்குள் காற்றைச் சிறைப்படுத்துவதுமே அதன் ஆதி வேலைகள். அந்த மூடும் தசைகளின் விளிம்புகளை அதிரச் செய்து சப்தம் எழுப்பும் வித்தை, பரிணாமத்தின் வழியில் வெகுகாலத்துக்குப் பின் சேர்ந்தது. இதை அறிந்தவருக்குத்தான், குரல்வளையை இழந்த மனிதர் குரலைமட்டும் இழந்தவரல்லர் என்பது விளங்கும்.

உயிருள்ள மனிதனின் குரல்நாண்கள் அசைவதை முறையாகக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் வைத்தியரல்லர், ஒரு சங்கீத ஆசிரியர். மானுவேல் கார்சியா 1854இல் பாரிசில், பல் வைத்தியர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, வேறொரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி, தம் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தாமே கண்டார். மறு ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைத் தெரிவித்தார். அதன்பின் இருபது ஆண்டு நிறைவதற்குள், 1873ஆம் ஆண்டின் கடைசி நாளில், வியன்னா நகரில் தியோடர் பில்ரோத், 36 வயதான சமய போதகர் ஒருவரின் புற்றுற்ற குரல்வளையை முழுவதும் அகற்றினார். அந்நாளைய ஆஸ்பத்திரிகளின் நிலையில் நோயாளி பிழைத்து எழுந்ததே பெரிய காரியம். ஆயினும் பில்ரோத்தும் அவருடைய உதவியாளர் குஸென்பவரும் அத்துடன் நில்லாமல், மூச்சுக்குழாய்க்கும் தொண்டைக்கும் இடையே பொருத்தத் தக்க உலோகக் குழாயொன்றைச் செய்து, அதனுள்ளே அதிரும் நாக்கு ஒன்றை அமைத்து, அந்த மனிதரைப் பேச வைத்தார்கள். ஏற்ற இறக்கமற்ற குரல்தான், ஆனாலும் கேட்பவர்க்குப் புரிந்தது. நோய் திரும்பி வந்து சில மாதங்களில் அவர் மாண்டுபோனார். குரல்வளையை எடுப்பதும் அதற்கு ஈடாகக் குரலொன்றைத் தேடுவதும் ஆரம்பத்திலேயே ஒரே முயற்சியின் இரு பகுதிகளாக இருந்தன என்பதுதான் இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்வது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மானிய இளவரசர் பிரெடெரிக்கின் தொண்டையில் கட்டி கண்டபோது, அறுக்கவேண்டும் என்றனர் பெர்லின் வைத்தியர். ஆனால் லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட தொண்டை வைத்தியர் மொரெல் மெக்கன்ஸி கிள்ளியெடுத்துக் கொடுத்த தசைத் துணுக்குகளில் நோய்க்கூற்று ஆய்வாளர் வீர்ஹோ புற்றைக் காணவில்லை; சிகிச்சை தள்ளிப்போயிற்று. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட நேர்ந்தது. மார்ச்சில் பட்டத்துக்கு வந்த அவர், பேச்சற்றவராய், துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டியே 99 நாள் சக்கரவர்த்தியாக இருந்து, ஜூன் 15இல் உயிர் நீத்தார்.

இனி அறுவை மேசைக்கு வருவோம். கழுத்தின் தோலை மடலாக உயர்த்தி, நாவடி எலும்பிலிருந்து மூச்சுக்குழாயின் மேல் வளையங்கள்வரை உள்ள பகுதியை, வேண்டுமானால் தைராய்டு சுரப்பியின் ஒரு பாதியையோ முழுமையையோ சேர்த்து, வைத்தியர் ஒரே துண்டாக எடுத்துவிடுகிறார். மிஞ்சி நிற்கும் மூச்சுக்குழாயின் வெட்டுவாயை முன்னே வளைத்து, கழுத்தின் அடியில், மார்பெலும்புக் குழிக்குச் சற்று மேலே, தோலோடு சுற்றிலும் தைக்கிறார். அதுவே அந்த மனிதரின் நிரந்தரமான சுவாச வாசல். குரல்வளை இருந்த இடத்தில் தொண்டையின் முன்சுவர் திறந்து கிடக்கும். அதன் இரு ஓரங்களையும் நாவடியோடு இழுத்து, முதலில் உள்தோல், பிறகு தசை என்று அடுக்கடுக்காகத் தைத்து, மீண்டும் ஒரு குழாயாக்குகிறார். அந்தத் தையல் ஆறும்வரை மூக்கின் வழியே செருகிய குழாயில்தான் ஆகாரம். முன்பே கதிர் சிகிச்சை பெற்ற கழுத்தாயின் தையல் பிரிந்து உமிழ்நீர் தோலின் வழியே கசியும் ஆபத்து அதிகம். அவ்வாறு கசிந்தால் உணவும் தாமதம், பேச்சுப் பயிற்சியும் தாமதம்.

இந்தச் சிகிச்சைக்குப் பின் வாயும் மூக்கும் உணவுக்குழாயோடுமட்டும் சேர்ந்தவை. நுரையீரல் கழுத்துத் துளையோடுமட்டும் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே வழி ஏதும் கிடையாது. கேட்பதற்கு எளிமையான இந்த ஒரு வாக்கியத்தின் விளைவுகளை மாணாக்கர் ஒன்றன்பின் ஒன்றாகச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். டிரக்கியாஸ்டமி என்று சாதாரணமாகச் செய்யப்படும் துளைக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் பேதம் தெரியாது. ஆனால் முன்னதில் குரல்வளை தன் இடத்திலேயே இருப்பதால், துளையில் உள்ள குழாய் இடங்கொடுக்குமாயின் அதன் வாயை விரலால் மூடும்போது காற்று மேலே சென்று குரல் எழும்பக்கூடும். பின்னதில் துளையை மூடினால் மூச்சே நின்றுபோகும். மயங்கி விழுந்த இத்தகைய மனிதர் ஒருவருக்கு, விவரம் அறியாதவர்கள் மூக்கிலும் வாயிலும் பிராணவாயு முகமூடியைப் பொருத்தினால், அதில் ஓர் இம்மியும் நுரையீரலை எட்டாது. கழுத்துத் துளையில் வைக்கவேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்லி, ஒரு சீட்டில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் எந்நேரமும் இருக்கச் செய்வது, பேச்சுப் பயிற்சிக்கு முன்னதாகவே நிகழவேண்டியது.

மூக்கின் வழியே காற்று போகாததால் தூசியும் உலர்ந்த காற்றும் நேரே மூச்சுக்குழாயைத் தாக்கும், சளி கெட்டியாகும். ஆகவே துளையின்மேல் ஈரத்தைக் காக்கும் வடிகட்டியோ, அது வாய்க்காதபோது நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியோ வேண்டும். தலைக்குக் குளிக்கையில் துளையை மறைக்கவேண்டும். ஆற்றிலும் குளத்திலும் இறங்கி நீந்துவது இனிக் கூடாது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்க இயலாது, மலச்சிக்கல் வருத்தும். மணமும் போய்விடுகிறது; மணம் போனால், நாவுக்குக் குறையொன்றும் நேராதபோதிலும், பெருங்காயமிட்ட ரசம் வெறும் புளிநீராகத் தோன்றுகிறது. இதற்கு ஆம்ஸ்டர்டாம் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஹில்கர்ஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டில் எளிய உபாயமொன்றை வெளியிட்டனர்: உதடுகளை மூடியபடியே, கொட்டாவியை மறைத்துக்கொள்பவரைப்போல, கீழ்த்தாடையையும் நாவையும் மீண்டும் மீண்டும் தாழ்த்தினால், வாய்க்குள் ஏற்படும் வெற்றிடம் மூக்கின் வழியே காற்றை உள்ளே இழுக்கும், அதனோடு மணமும் வரும். காசில்லாத இந்த அப்பியாசத்தைச் சொல்லிக்கொடுக்கவும் தொண்டையின் அமைப்பு மனத்தில் தெளிவாயிருக்கவேண்டும்.

குரலைத் திரும்பப் பெற மூன்று வழிகள் உள்ளன. மின்சாரக் குரல்கருவியைப் பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. கழுத்தில் அழுத்திப் பிடித்தால் அதன் அதிர்வு தொண்டைக்குள் புகுந்து, நாவும் உதடும் அதைச் சொல்லாக்குகின்றன. கதிர் சிகிச்சையால் கழுத்து மரக்கட்டைபோல் இறுகியவர்க்கு அதிர்வு உள்ளே செல்லாது என்பதால் கன்னத்திலோ, வாயிற் செருகும் சிறு குழாயாலோ செலுத்தவேண்டும். கருவியின் ஒலி இடைவிடாது ஒலிப்பதால், ஒலிப்பற்ற வல்லெழுத்துகளும் அதிரும் எழுத்துகளாகவே காதில் விழும். தமிழில் பாடு, பாட்டு என்னும் இரண்டையும் பிரித்துக்காட்டுவதில் எழுத்தைப் பிடித்து நிறுத்தும் கால அளவுக்கும் பங்கு உண்டாகையால், இரட்டித்த எழுத்துகளில் நாவை நிறுத்திவைக்கப் பழக்கினால் நம் மொழியில் தெளிவு கூடும் என்பது என் கருத்து.

உணவுக்குழாய்ப் பேச்சு வேறு வகையானது. வாயிலுள்ள காற்றை உணவுக்குழாயின் மேற்பகுதிக்குள் செலுத்தி, உடனே ஏப்பம்போல் வெளிவிடுகையில், அதன் வாசலிலுள்ள தசையும் உள்தோலும் அதிர்ந்து குரலாகின்றன. நுரையீரல் மூன்று நான்கு லிட்டர் காற்றைத் தரவல்லது. உணவுக்குழாய் ஒரு தடவையில் கொள்வதோ 60 முதல் 80 மில்லி லிட்டர்வரைதான். ஆகவே சில அசைகளுக்கு ஒருமுறை காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிரப்பும் முறைகளில் ஒன்று தமிழுக்கு மிக இசைவானது. ப, த, க என்னும் எழுத்துகளைச் சொல்ல உதடோ நாவோ அடைத்துக்கொள்ளும்போது வாய்க்குள் எழும் அழுத்தமே காற்றைப் பின்னே தள்ளிவிடும். எனவே பாப்பா, தாத்தா, காக்கா, பாட்டி, தட்டு, பக்கம் என்னும் சொற்களை முதலில் கொடுத்தால், சொல்லும் செயலே காற்றை உட்செலுத்தி, அடுத்த அசைக்கு வேண்டியதையும் சேர்த்துவைக்கிறது. மாமா, நாய், மழை என்று மெல்லெழுத்தில் தொடங்கும் சொற்களில் காற்று மூக்கின் வழியே தப்பிவிடுவதால் அழுத்தம் எழாது; அவற்றை முதல் வாரத்தில் கொடுத்தால் நோயாளி மனம் தளர்ந்துவிடுவார். குழந்தை முதலில் பேசும் சொற்களெல்லாம் எளியவை என்று எண்ணி அம்மாவையும் மாமாவையும் முதலில் வைக்கும் பயிற்சிப் பட்டியல்கள் மாற்றப்படவேண்டும்.

இவ்வளவு கற்பித்தும் குரல் வராதவர்கள் உண்டு. அறுவையின் ஞானம் எதற்கு என்னும் வினாவுக்கு விடை இவ்விடத்தில்தான் கிடைக்கிறது. உணவுக்குழாயின் வாசலைச் சூழ்ந்த தசை முன்பு குரல்வளையின் அடிக் குருத்தெலும்பில் இருபுறமும் பற்றியிருந்தது. அக்குருத்தெலும்பு போனபின் அதன் அறுந்த முனைகளை வைத்தியர் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும்போது அது முழு வளையமாகிறது. சிலருக்கு அவ்வளையம் காற்றுப் பட்டவுடன், கயிற்றை இழுத்த சுருக்குப் பையைப்போல் இறுகிக்கொள்கிறது. கீழிருந்து வரும் காற்றுக்கு வழியில்லை. மூக்கின் வழியே மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் விட்டுக் காற்றைச் செலுத்திப் பார்த்தால் இந்த இறுக்கம் தெரிந்துவிடும். இதைத் தவிர்ப்பதற்கென்றே அறுவையின்போது அத்தசையை நெடுக்காகக் கீறிவிடும் வழக்கம் ஏற்பட்டது. அப்போது கீறாமல் விட்டவர்க்குப் பின்னர்ப் பொட்டுலினம் ஊசியால் தளர்த்தலாம். தசை கீறப்பட்டதா என்பது அறுவைக் குறிப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல், மாதக்கணக்கில் ஒருவரை வீணே முயலச் செய்து, அவருக்கு அக்கறையில்லை என்று பதிவேட்டில் எழுதுவது கொடுமை.

மூன்றாவது வழி, நுரையீரலின் காற்றையே மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவருவது. இதற்கும் நோயாளியொருவரே முன்னோடி: பனிக்கட்டி உடைக்கும் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அதனால் தம் மூச்சுக்குழாய்க்கும் தொண்டைக்கும் இடையே தாமே துளையிட்டுக்கொண்டு பேசிய ஒருவரைப் பற்றி, 1930களின் தொடக்கத்தில் குட்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் எழுதினார். துளையின் வழியே பேச்சு வந்தது. ஆனால் அவ்வகைத் துளைகளின் வழியே சோறும் நீரும் நுரையீரலுக்குள் இறங்குவதை எவராலும் நெடுங்காலம் தடுக்க முடியவில்லை. அதைத் தீர்த்துவைத்தவர்கள் இண்டியானாபொலிஸ் நகரத்து மார்க் சிங்கரும் எரிக் பிளாமும்; அவர்கள் 1980இல் வெளியிட்ட முறையில், இரு குழாய்களுக்கும் இடைப்பட்ட சுவரிலிடும் சிறு துளையில் ஒருவழி அடைப்பிதழ் கொண்ட சிலிக்கோன் குழலொன்று பொருத்தப்படுகிறது. கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை வெளிவிட்டால் காற்று அடைப்பிதழைத் தள்ளி உணவுக்குழாய்க்குள் சென்று, அதன் வாசலை அதிரச் செய்யும். விழுங்கும்போது அடைப்பிதழ் மூடிக்கொள்ளும். சிங்கர் அறுவை மருத்துவர். பிளாம் பேச்சு மருத்துவர். கத்தி பிடிக்காத ஒருவர் இந்தக் கருவியின் பிறப்பிற் சமபங்கு கொண்டிருக்கிறார் என்பதை நம் மாணாக்கர் பெருமிதத்தோடு நினைவிற் கொள்ளலாம்.

அடைப்பிதழ் நிரந்தரமன்று. கேண்டிடா என்னும் பூசணம் அதன்மேற் படர்ந்து மூடவிடாமற் செய்வதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். காபி குடித்தால் இருமல் வருகிறது என்று நோயாளி சொன்னால், நிறம் கலந்த நீரையோ பாலையோ பருகச் செய்து, டார்ச் விளக்கைக் கழுத்துத் துளைக்குள் காட்டிக் கவனிக்கவேண்டும். குழலின் நடுவே துளி சொட்டினால் அடைப்பிதழ் பழுது, மாற்றிவிட்டால் தீரும். குழலைச் சுற்றி ஓரமாகக் கசிந்தால் குழல் நீளம் மிகுந்ததாயிருக்கலாம், அல்லது துளையே விரிந்திருக்கலாம். அப்போது அதே அளவில் வேறொரு குழலை வைத்தால் பயனில்லை, அளவு மாறவேண்டும், அல்லது அறுவை மருத்துவர் பார்க்கவேண்டும். குழல் நழுவி வெளியே வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். ஆகையால் உடனே ரப்பர் குழாயொன்றை அதில் செருகிவைக்கவேண்டும். விழுந்த குழல் கைக்குக் கிடைக்காவிடின் அது நுரையீரலுக்குள் போயிருக்கலாமென்று கருதி எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

விலைதான் நம் நாட்டில் பெருந்தடை. அயல்நாட்டுக் குழல்கள் பல ஆயிரம் ரூபாய் ஆவதால், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க இயலாமல் பழுதான குழலோடே இருமிக் காலந்தள்ளுகிறார். பெங்களூரின் புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ் 50 ரூபாய் அளவில் செய்யத்தக்கதென்று உருவாக்கிய ஓம் என்னும் குழல் இந்த நிலையை மாற்றும் நோக்கத்தில் எழுந்தது. பீடியும் புகையிலையும் மலிந்த நம் ஏழை மக்களிடையே இத்தகைய முயற்சிகள் பெருகவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுக்குழாயின் வாசல் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 60, 70 தடவை அதிர்வது. பெண்ணின் இயற்கைக் குரலோ 200 தடவைக்குமேல் அதிர்வது. சிகிச்சை வெற்றியென்று வைத்தியர் மகிழ்ந்திருக்கையில், டெலிபோனில் ஒவ்வொருவரும் தம்மை ஐயா என்று அழைப்பதால் பேசவே மறுத்து மௌனமாகிவிடும் பெண்மணிகள் உண்டு. குரல் எவ்வாறு இருக்கும் என்பதை, முடிந்தால் அச்சிகிச்சை பெற்ற வேறொரு பெண்மணியைக் கொண்டே, அறுவைக்கு முன்னரே அவர்களுக்குத் தெரிவித்துவிடவேண்டும்.

கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றியவர்க்குத் தோளை உயர்த்தும் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. அவர் கருவியைக் கழுத்துக்கு உயர்த்தவும், விரலால் துளையை மூடவும் சிரமப்படுவார். மறு கையைப் பழக்கவேண்டும், தோளுக்கு உடற்பயிற்சி நிபுணரிடம் அனுப்பவேண்டும். தைராய்டைப் பற்றியும் இதேபோல் விழிப்பு தேவை. சுரப்பியின் ஒரு பகுதி அறுவையில் போய், மிஞ்சியது கதிர் சிகிச்சையால் வாடி, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அதன் சுரப்பு குறையும்போது, நன்றாகப் பேசிவந்த மனிதர் சோர்ந்து, உடல் கனத்து, குளிர் பொறுக்காமல், எதிலும் ஊக்கமற்றுப் போகிறார். வயதின் தளர்ச்சி, மனத்தின் துயரம் என்று வீட்டார் சமாதானம் அடைந்துவிடுகின்றனர். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது வெளிப்பட்டுவிடும், நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையால் சீராகும். அதற்கு வைத்தியருக்குக் கடிதம் எழுதவேண்டியவர், வாரந்தோறும் அவரை எதிரில் அமர்த்திப் பேசவைக்கும் பேச்சு மருத்துவரே.